சுவரில் பூஞ்சை, அட்வான்ஸில் பிடித்தம்

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில், தரைத்தளத்தில் இரண்டு வருடமாகக் குடியிருக்கிறோம். வாடகை ரூ. 18,000, அட்வான்ஸ் ரூ. 1,50,000. போன மழைக்காலத்தில் படுக்கையறைச் சுவரில், பீரோவுக்குப் பின்னால், கறுப்பாகப் பூஞ்சை பிடித்தது. அதே சுவரின் மேல் மூலையில் மஞ்சள் கறையும் இறங்கியிருக்கிறது. ஓனரிடம் இரண்டு தடவை போனில் சொன்னோம். ‘பார்க்கலாம்’ என்றார், ஆள் அனுப்பவில்லை. இந்த மாதக் கடைசியில் காலி செய்கிறோம். இப்போது, ‘நீங்கள் ஜன்னலைத் திறக்காமல், துணியை உள்ளேயே காயப்போட்டுச் சுவரைக் கெடுத்துவிட்டீர்கள், ரூ. 60,000 பிடிப்பேன்’ என்கிறார். பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை தனியாம். அக்ரிமெண்ட் என் பெயரில் இருக்கிறது. நான் என்ன செய்யலாம்?

பதில்: சாவி இன்னும் உங்கள் கையில் இருக்கிறது, அதுவே பாதி பலம். இந்த மாதிரிக் கேள்விகள் எனக்குப் பெரும்பாலும் காலி செய்து மூன்று மாதம் கழித்துத்தான் வரும். அதற்குள் அந்தச் சுவருக்குப் பெயிண்ட் அடித்து, வேறொரு குடும்பம் பால் காய்ச்சிக் குடி வந்திருக்கும். அப்புறம் எதைக் காட்டிப் பேசுவது?

ஓனரிடம் பூஞ்சையைப் பற்றி வாதாட வேண்டாம். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். ஈரம் இல்லாமல் பூஞ்சை பிடிக்காது. அந்த ஈரம் இரண்டே வழியில் வரும். ஒன்று, சமையல், குளியல், ஈரத்துணி, மூச்சு என்று வீட்டுக்குள் உண்டாகும் நீராவி குளிர்ந்த சுவரில் படிவது. மற்றொன்று, சுவருக்குள்ளிருந்தோ மேலேயிருந்தோ கசிவது. முதலாவதில் உங்களுக்கும் கொஞ்சம் பங்கு இருக்கலாம். இரண்டாவது கட்டடத்தின் கோளாறு.

இதைக் கண்டுபிடிக்க இன்ஜினியர் வேண்டாம், சமையலறை அலுமினியத் தாள் போதும். சுவரைத் துடைத்துக் காயவிட்டு, ஓர் அடிக்கு ஓர் அடி தாளை நாலு பக்கமும் டேப் போட்டுக் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். அறையைப் பார்த்த பக்கத்தில் நீர்த்துளி இருந்தால் அது வீட்டுக்குள் இருக்கும் ஈரம். பிரித்தால் சுவரைத் தொட்ட பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. பீரோ இருந்த இடத்தில் ஒன்று, மஞ்சள் கறைக்குப் பக்கத்தில் ஒன்று என இரண்டு ஒட்டுங்கள். ஒட்டும்போதும் பிரிக்கும்போதும் வீடியோ எடுங்கள்.

உங்கள் வர்ணனையை வைத்துச் சொன்னால், மேல் மூலைக் கறை எனக்குக் கசிவாகவே படுகிறது. நீராவி படிந்த சுவரில் கறுப்புப் புள்ளிகள் வரும். மஞ்சளாக, ஓரம் கட்டி இறங்கும் கறை பொதுவாக ஓடிவந்த தண்ணீர் விட்டுப்போன தடம். அந்த மூலைக்கு நேர் மேலே மாடிவீட்டுக் குளியலறை இருக்கிறதா என்று பாருங்கள். வெயில் காலத்திலும் ஈரம் இருந்தால் குழாய் அல்லது குளியலறைத் தரை. மழையில் மட்டும் என்றால் வெளிச்சுவர் விரிசல். தரையிலிருந்து இரண்டு மூன்று அடிக்குப் பெயிண்ட் பொரிந்து வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அது மண்ணிலிருந்து ஏறும் ஓதம். அதையும் படம் எடுங்கள்.

பெங்களூருக்கே உரிய ஒரு கூத்தும் உண்டு. முப்பதுக்கு நாற்பது அடி சைட்டில் பக்கத்து வீட்டோடு ஒட்டிக் கட்டியிருப்பார்கள். நடுவில் ஒரு சாண் சந்து. வெளிப்பக்கம் பூசக் கையே நுழையாது. செப்டம்பர், அக்டோபர் மழை அந்தச் சந்தில் இறங்கினால் சுவர் வெயிலையே பார்க்காமல் மாதக்கணக்கில் நனைந்து கிடக்கும். நானே விவேக் நகரில் அப்படி ஒரு வீட்டில் இருந்தேன், ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் செங்கல்தான் தெரியும். ‘ஜன்னலைத் திறக்கவில்லை’ என்பவரிடம், திறந்தால் காற்று வருமா என்று திருப்பிக் கேளுங்கள்.

பீரோவுக்குப் பின்னால் தாள் அறைப்பக்கம் நனைந்தால் அதை மறைக்க வேண்டாம். அந்தப் பகுதியைச் சுத்தம் செய்து பெயிண்ட் அடிக்கும் செலவை ஒத்துக்கொள்ளுங்கள். மற்றதில் உங்கள் பேச்சு எடுபடும்.

சட்டம் என்ன சொல்கிறது? கர்நாடக வாடகைச் சட்டம், 1999 உங்களுக்கு உதவாது. பெங்களூரில் மாத வாடகை ரூ. 3,500-ஐத் தாண்டிய வீடுகளுக்கு அது பொருந்தாது. மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டத்தில் அட்வான்ஸ் இரண்டு மாத வாடகைதான் என்று இருக்கிறதே என்பார்கள். அது மாதிரிதான், மாநிலம் ஏற்றால்தான் சட்டம். உங்களுக்குப் பொருந்துவது அக்ரிமெண்டும் 1882-ம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டமும். அதன் 108(எம்) பிரிவின்படி, வீட்டை வாங்கின நிலையிலேயே நீங்கள் திருப்பித் தர வேண்டும், ஆனால் நியாயமான தேய்மானம் அதில் சேராது. மேல்மாடிக் குழாய் ஒழுகினால் அது நீங்கள் செய்த சேதமும் ஆகாது.

ஒரு விஷயத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். ரிப்பேர் எல்லாம் ஓனர் பொறுப்பு என்று அந்தச் சட்டம் தானாகச் சொல்லிவிடவில்லை. அக்ரிமெண்டைப் பார்க்க வேண்டும். சின்ன ரிப்பேர் குடியிருப்பவர், பெரிய ரிப்பேர் ஓனர் என்று வழக்கமாக ஒரு வரி இருக்கும். நீர்க்கசிவு பெரிய ரிப்பேர்தான். ‘நீங்கள் சொல்லவே இல்லையே’ என்பதுதான் அவருடைய அடுத்த பதிலாக இருக்கும். அதனால் போனில் சொன்னதை இன்றே வாட்ஸ்ஆப்பில் எழுத்தாக்குங்கள். வாய்ஸ் மெசேஜ் வேண்டாம். எந்த மாதம் சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார், இப்போது எந்தச் சுவர், படங்கள், ‘இந்த வாரம் பிளம்பரோடு வந்து பாருங்கள்’ என்ற அழைப்பு, அவ்வளவு போதும். கோபம் வேண்டாம். பின்னால் அதை ஒரு நீதிபதி படிக்கலாம். ஓனருக்கு நீங்கள் இரண்டு தடவை போன் செய்தது கால் பட்டியலில் இன்னும் இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

பெயிண்டிங் கணக்குக்கு வருவோம். காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பிடிப்பது இந்த ஊர் வழக்கம், அக்ரிமெண்டிலும் இருந்தால் ரூ. 18,000-ஐ மறுப்பது கஷ்டம். ஆனால் அந்தப் பணம் வீடு முழுக்கப் பெயிண்ட் அடிக்கத்தான், பூஞ்சை பிடித்த சுவரும் அதற்குள் அடக்கம். அதே சுவருக்கு இன்னொரு தடவை வாங்கக் கூடாது. ரூ. 60,000 எப்படி வந்தது, எஸ்டிமேட் எங்கே, அதில் மாடிக் குளியலறையை உடைத்துச் சரிசெய்யும் செலவு எவ்வளவு என்று கேளுங்கள். ஒப்பந்தச் சட்டப்படி உண்மையான நஷ்டத்துக்குத்தான் ஈடு கேட்க முடியும், வாயில் வந்த தொகைக்கு இல்லை. பெரும்பாலும் இந்தக் கேள்வியிலேயே தொகை இறங்கும்.

சாவி கொடுக்கும் நாளில் காலி வீட்டை அறை அறையாக வீடியோ எடுங்கள், மின்மீட்டர் ரீடிங்கோடு. வீட்டை ஒப்படைக்கும்போதே அட்வான்ஸ் தர வேண்டும் என்று அக்ரிமெண்டில் இருந்தால், ‘ஒப்படைக்கத் தயார், பணத்தோடு வாருங்கள்’ என்று எழுதுங்கள். பணம் வரவில்லை என்று வீட்டைப் பூட்டி வைத்துக்கொண்டால் அந்த மாத வாடகையையும் கேட்பார். ‘புது ஆள் வந்ததும் தருகிறேன்’ என்றால் தேதியும் தொகையும் எழுதி வாங்குங்கள், கூடவே தேதியிட்ட செக். அது திரும்பினால் 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் தரவில்லை என்றால், செக் திரும்புவதைக் குற்றமாக்கும் செலாவணி முறிச் சட்டத்தின் 138-வது பிரிவில் வழக்கு. ஓனர்கள் பயப்படுவது அதற்குத்தான்.

எதுவும் நடக்கவில்லை என்றால் ஸ்பீடு போஸ்டில் வக்கீல் நோட்டீஸ். அப்புறம் சிவில் வழக்குக்கு முன்னால், எச். சித்தய்யா சாலையில் நியாய தேகுலா கட்டடத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணையத்தில் சமரசத்துக்கு மனுப் போடுங்கள். நீங்கள் பெண் என்றால், வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீலுக்கு உங்களுக்கு உரிமை உண்டு. லோக் அதாலத்தில் முடியும் சமரசம் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். போலீஸிடம் போனால் சிவில் விஷயம் என்று அனுப்பிவிடுவார்கள். வழக்குப் போட மூன்று வருடம் இருக்கிறது, ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம்.

பெயிண்டிங் காசு போக, பீரோ சுவருக்கென்று ஒரு நியாயமான சின்னத் தொகைக்கு அவர் இறங்கி வந்தால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் கையெழுத்துப் போட்டு மீதியை வாங்கிக்கொண்டு புது வீட்டுக்குப் போய்விடுவேன்.