பெட்டிப் படத்தை நம்பி வாங்கலாமா? பிளாஸ்டிக் மாடல் கிட் கேள்வி-பதில்

கேள்வி (சேலம்): பத்தாவது படிக்கும் மகனுக்கு முதல் விமான கிட் வாங்க வேண்டும். பெயிண்ட், பசை எல்லாம் உள்ளேயே இருக்கும் ஸ்டார்ட்டர் செட் போதுமா?

பதில்: முதல் கிட்டுக்குப் போதும். ஆனால் அதிலுள்ள பெயிண்ட் சின்னச் சின்ன டப்பாக்களில் வரும். கடையில் இரண்டு மூன்று வருடம் கிடந்த செட்டாக இருந்தால் பாதி டப்பா காய்ந்து கட்டியாகியிருக்கும். பிரஷ்ஷும் சுமார்தான்; உதிரும் முடியெல்லாம் பெயிண்டில் ஒட்டிக்கொள்ளும். நல்ல பிரஷ் இரண்டு தனியாக வாங்கிவிடுங்கள்.

கிட்டின் விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டால் கையைக் கடிக்கும். சின்ன நிப்பர் (வெட்டும் குறடு) ஒன்று, 11-ஆம் எண் பிளேடு போட்ட கத்தி, 400, 600, 1000 நம்பர் வாட்டர் பேப்பர், சாமணம், பிளாஸ்டிக் சிமென்ட் ஆகியவை வேண்டும். முதல் தடவை இவையே கிட்டின் விலையைத் தாண்டிவிடலாம். ஆனால் அடுத்த பல கிட்டுகளுக்கு இதே சாமான்தான்.

அளவு விஷயத்தில் ஒரு யோசனை. ஸ்பிட்ஃபயர் போர் விமானம் 1/72-இல், அதாவது அசலில் 72-இல் ஒரு பங்காக, ஏறக்குறைய 12.7 செ.மீ. நீளம் வரும், 1/48-இல் 19 செ.மீ. சின்னது மலிவு, ஆனால் பாகங்கள் அரிசி மணி அளவுக்கு இருக்கும். பட்ஜெட் இடம் கொடுத்தால் 1/48 எடுங்கள். ஒற்றை இறக்கை, ஒற்றை எஞ்சின், நூறு பாகத்துக்கு மேல் போகாத கிட். இரட்டை இறக்கை விமானமும், சங்கிலியைக் கண்ணி கண்ணியாகக் கோக்கும் டாங்கும் (பீரங்கி வண்டி) இப்போது வேண்டாம்.

வெட்டும் முறையை முதல் நாளே பழக்கிவிடுங்கள். பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒரு பாகத்தை ஒரே வெட்டில் எடுத்தால் பிளாஸ்டிக் வெளுத்துப்போகும், சில சமயம் பாகமே பிய்ந்து குழி விழும். முதல் வெட்டில் 2 மி.மீ. மிச்சம் விட்டு எடுத்து, இரண்டாவது வெட்டில் அதைக் குறைத்து, கடைசித் துணுக்கை வாட்டர் பேப்பரில் தேய்க்க வேண்டும். அதற்கும் முன்னால், பாகங்களைச் சட்டத்தோடு வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் தேய்க்கும் சோப்பு போட்டுக் கழுவிக் காயவையுங்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை இருந்தால் பெயிண்ட் பிடிக்காது.

கேள்வி (திருநெல்வேலி): இந்திய விமானப்படையின் நாட் விமானம் செய்ய ஆசை. ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் 1/72 நாட் பழைய பெட்டி ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அதில் இரண்டு சிக்கல்.

ஒன்று, விமானமே வேறு. ஏர்ஃபிக்ஸ் பெட்டியில் இருப்பது பிரிட்டிஷ் விமானப்படையின் ரெட் ஏரோஸ் சாகசக் குழு ஓட்டிய டி.1, இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம். அதன் உடல் நீளம், இறக்கை பெரியது. 1965 போரில் பேர் வாங்கியதும், 1971 டிசம்பரில் ஸ்ரீநகர் மேல் நிர்மல் ஜித் சிங் செகோன் ஓட்டியதும் ஒற்றை இருக்கை நாட். மூவர்ண வட்ட ஸ்டிக்கர் ஒட்டினால் டி.1 ஒற்றை இருக்கை விமானமாகிவிடாது. வெட்டி மாற்றுவது முதல் கிட் வேலையும் அல்ல. செக் நாட்டின் ஸ்பெஷல் ஹாபி கம்பெனி 1/72-இல் ஒற்றை இருக்கை நாட் விமானத்தையும், எச்.ஏ.எல். (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) அதிலிருந்து உருவாக்கிய அஜீத்தையும் போட்டிருக்கிறது. ஆனால் சிறு எண்ணிக்கையில் வார்க்கும் கிட்டுகளில் பாகங்களைப் பொருத்தும் முளைகள் பெரும்பாலும் இருக்காது. ஒட்டுவதற்கு முன் டேப் போட்டு வைத்துப் பார்த்து, தேய்த்து, மறுபடி வைத்துப் பார்க்க வேண்டிவரும்.

இரண்டாவது சிக்கல் எல்லா கிட்டுக்கும் பொருந்தும்: பாகங்களை வார்க்கும் அச்சின் வயது. ஏர்ஃபிக்ஸ் 1/72 நாட் விமானத்துக்கு 1960-களின் அச்சு ஒன்று, 2010-களில் புதிதாகச் செய்த அச்சு ஒன்று. கம்பெனி அதேதான், அளவும் அதேதான். உள்ளே இருப்பது வேறு. பழைய அச்சில் தகட்டுக் கோடுகள் புடைத்து நிற்கும், ஓரமெல்லாம் பிசிறு வழியும், காக்பிட்டில் ஒரு நாற்காலியும் பொம்மையும் மட்டும் இருக்கும். பெட்டிப் படம் மட்டும் புதிதாக வரையப்பட்டிருக்கும். ஒரு கம்பெனியின் அச்சை இன்னொரு கம்பெனி தன் பெட்டியில் போட்டு விற்பதும் இந்தத் தொழிலில் சகஜம். ரெவெல் பெட்டிக்குள் மோனோகிராம் அச்சோ ஹசேகாவா அச்சோ இருக்கலாம். ஸ்கேல்மேட்ஸ் தளத்தில் கிட் எண்ணைப் போட்டால் அந்த அச்சு முதலில் எந்த வருடம் வந்தது, எந்தெந்தப் பெட்டியில் திரும்பத் திரும்ப வந்தது என்று வரிசையாகக் காட்டும். விலையைக் கேட்பதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி (விருதுநகர்): ஃபெவிக்விக் இருக்கும்போது தனியாக பிளாஸ்டிக் சிமென்ட் எதற்கு?

பதில்: இரண்டும் செய்யும் வேலை வேறு. சிமென்ட் கிட்டின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் கரைத்து இரண்டு பாகத்தையும் ஒன்றாக்கிவிடும், மூட்டு தெரியாமல் தேய்க்கலாம். ஃபெவிக்விக் நடுவில் கண்ணாடி மாதிரி ஒரு படலமாக உட்காரும்; பக்கவாட்டில் தட்டினால் விட்டுவிடும், சரிசெய்ய நேரமும் தராது. தவிர, அதன் ஆவி கண்ணாடிப் பாகத்தில் படிந்து வெள்ளையாகப் பூத்துவிடும். காக்பிட் மூடிக்குச் சாதாரண வெள்ளை ஃபெவிகால் போதும். உலோகத் துண்டு, ரெசின் பாகங்களுக்கு மட்டும் ஃபெவிக்விக்கை வைத்துக்கொள்ளுங்கள்.

டாமியா கம்பெனியின் வெள்ளை மூடி சிமென்ட் கெட்டி, தடவி ஒட்டலாம். பச்சை மூடி எக்ஸ்ட்ரா தின் தண்ணீர் போல இருக்கும். பாகங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மூட்டில் பிரஷ் நுனியை வைத்தால் தானே உள்ளே ஓடும். விரல் மூட்டின் மேல் இருந்தால் விரலுக்கடியிலும் ஓடி ரேகையைப் பதித்துவிடும், கவனம். அக்ரிலிக் ஷீட் கடைகளில் பாட்டிலில் ஊற்றித் தரும் திரவமும் ஒட்டும் என்பார்கள். ஒட்டும்தான். ஆனால் அது பெரும்பாலும் குளோரோஃபார்ம் அல்லது டைகுளோரோமீத்தேன். மூடிய அறையில் யாரும் மூச்சில் இழுக்க வேண்டிய சாமான் அல்ல.

கேள்வி (ஈரோடு): ஹார்ட்வேர் கடையில் வாங்கிய கார் ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தேன். டாங்கின் மேல்பகுதி முழுக்க முதலைத் தோல் மாதிரி ஆகிவிட்டது. பெயிண்ட் போலியா?

பதில்: பெயிண்ட் அசல்தான், பொருள்தான் பொருந்தவில்லை. கார் ஸ்ப்ரே இரும்புத் தகட்டுக்காகச் செய்தது. அதிலுள்ள கரைப்பான் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் வகை. இரும்பில் நன்றாகப் பிடிக்கும், பாலிஸ்டைரீனை அரித்துவிடும். ஈரமாக ஒரே மூச்சில் அடித்தால் கரைப்பான் ஆவியாக நேரம் ஆகும். அதுவரை பிளாஸ்டிக்கைத் தின்றுகொண்டிருக்கும். மாடலுக்கென்று வரும் டாமியா டி.எஸ். ஸ்ப்ரேயும் லாக்கர் (கடுமையான கரைப்பான் உள்ள பெயிண்ட்) வகைதான், ஆனால் இந்த பிளாஸ்டிக்குக்கு ஏற்ற கலவை. அதையே கிட்ட வைத்துக் கொட்டினால் அதுவும் வேலையைக் காட்டும்.

கெட்டதைச் சரிசெய்ய: இரண்டு மூன்று நாள் நன்றாகக் காயவிடுங்கள். பிறகு 400-இல் தொடங்கி 600, 1000 என்று தண்ணீர் விட்டுத் தேய்த்துச் சமமாக்கி, மாடல் பிரைமர் அடித்துப் பாருங்கள். தேய்த்ததில் போன ஆணித்தலை வரிகள் திரும்ப வராது. தின்னர் போட்டுத் துடைத்து எடுக்க மட்டும் நினைக்காதீர்கள். டாங்கும் சேர்ந்து கரையும்.

எந்தப் புது ஸ்ப்ரேயையும் முதலில் கிட்டின் வெற்றுச் சட்டத்தில் அடித்துப் பார்க்க வேண்டும். அதே பிளாஸ்டிக், தூக்கிப்போடப் போவது. ஒரு நிமிடம் குலுக்கி, 20 முதல் 25 செ.மீ. தள்ளிப் பிடித்து, பாகத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி ஓட்டுங்கள். முதல் பூச்சு தூவல் மட்டும்; அடியில் பிளாஸ்டிக் தெரியலாம். பத்து நிமிட இடைவெளியில் மூன்று பூச்சு.

ஹார்ட்வேர் கடையில் வாங்கக்கூடியதும் உண்டு: வாட்டர் பேப்பர், மாஸ்கிங் டேப் (ஓரம் பிசகும், புது பிளேடால் வெட்டிக்கொள்ளுங்கள்), என்.சி. புட்டி. புட்டியை மெல்லிசாக மட்டும். மொத்தமாக அப்பினால் சுருங்கும், அடியிலுள்ள பிளாஸ்டிக்கும் இளகும்.

கேள்வி (சென்னை): நவம்பரில் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தேன், முழுக்க வெள்ளையாகப் பூத்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், கிடைக்காது. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும். காற்றிலுள்ள ஈரம் அதில் பனியாகப் படிந்து பூச்சுக்குள் மாட்டிக்கொள்ளும். மழை நாளில், ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டியிருக்கும்போது லாக்கர் ஸ்ப்ரே அடிக்காமல் இருப்பதே நல்லது. ஏ.சி. ஓடிய அறையில் மாடலை வைத்திருந்து, வெயில் ஏறிய பிறகு வெளியே கொண்டுவந்து உடனே அடிப்பதும் தப்பு. குளிர்ந்த பிளாஸ்டிக் ஈரத்தை இழுக்கும். இப்போது பூத்திருப்பதன் மேல் காய்ந்த நாளில் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு விடுங்கள். பெரும்பாலும் தெளிந்துவிடும். அது காய்ந்ததும் மேட் மறுபடி.

கேள்வி (கோவை): ஆன்லைனில் சார்ஜ் போடும் ஏர்பிரஷ் (காற்றால் பெயிண்டைத் தூவும் கருவி) மலிவாக வருகிறது. கம்ப்ரஸரே வேண்டாமாம். உண்மையா?

பதில்: ஒற்றை நிறம் அடிக்க ஓடும். மெல்லிய கோட்டுக்கும் நிழல் வேலைக்கும் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க வழி இருக்காது, பல மாடல்களில் காற்று துடித்துத் துடித்து வரும். மாடல் வேலையைத் தொடர்வது என்று முடிவாகிவிட்டால் 0.3 மி.மீ. நாசில் கொண்ட டபுள் ஆக்ஷன் ஏர்பிரஷ் (விசையை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயிண்ட்), டேங்க் உள்ள கம்ப்ரஸர், அழுத்த மீட்டரோடு நீர் பிடிக்கும் ஃபில்டர். நம் ஊர் ஈரத்துக்கு அந்த ஃபில்டர் இல்லாமல் பெயிண்டின் நடுவே தண்ணீர்ச் சொட்டு வந்து விழும்.

டாமியா அக்ரிலிக்கை இரண்டு பங்குக்கு ஒரு பங்கு எக்ஸ்-20ஏ தின்னர் சேர்த்து 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் அடியுங்கள். அந்தத் தின்னரில் ஆல்கஹால் உண்டு. அதை வலேஹோ கம்பெனியின் நீரில் கரையும் மாடல் கலர் பெயிண்டில் ஊற்றினால் திரிந்து கட்டியாகி நாசிலை அடைத்துவிடும். ஏர்பிரஷ் கெட்டுவிட்டது என்று வரும் புகார்களில் இதுவும் அடிக்கடி வருவது. பிரஷ்ஷால் பூசுவதானால் நேர்மாறு: வலேஹோ சுலபம், டாமியா இரண்டாவது பூச்சில் முதல் பூச்சையே கரைத்து இழுக்கும்.

முகத்துக்கு என்95 போதாது. அது தூசியைத்தான் தடுக்கும், கரைப்பான் ஆவியைத் தடுக்க கார்பன் கேட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் வேண்டும்.

கேள்வி (மதுரை): இருபது வருடப் பழைய கிட். நீரில் நனைத்து ஒட்டும் ஸ்டிக்கர் தாள் மஞ்சளாகிவிட்டது. வீணா?

பதில்: வீணல்ல. கண்ணாடி ஜன்னலின் உள்பக்கம் டேப் போட்டு வெயில் படும்படி சில நாள் ஒட்டிவைத்தால் மஞ்சள் வெளுக்கும். அதற்குப் பிறகு தேவைப்படாத ஒன்றை நீரில் போட்டுச் சோதியுங்கள். துண்டு துண்டாக உடைந்தால் தாள் முழுக்க மைக்ரோஸ்கேல் லிக்விட் டெகல் ஃபிலிம் என்ற திரவத்தைப் பூசி, காய்ந்த பின் ஒவ்வொன்றையும் ஓரமாக வெட்டி எடுக்க வேண்டும்.

ஒட்டுவது பளபளப்பான பரப்பின் மேல்தான். மேட் பெயிண்டின் சொரசொரப்பில் ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளி போல மின்னும். ஒட்ட உதவும் மைக்ரோ செட் திரவம் ஒரு துளி வைத்து, ஸ்டிக்கரை நகர்த்தி இடம் பார்த்து, பிறகு அதை இளக்கிப் படியவைக்கும் மைக்ரோ சால். சால் பட்டதும் அது சுருங்கி விகாரமாகும். தொடாதீர்கள், தானே படியும். அந்த நேரத்தில் விரல் வைத்தால்தான் கிழியும்.

கேள்வி (புதுச்சேரி): கன்டம் ரோபோ கிட்டுக்குக் கறுப்புக் கோடு போடும் திரவம் விட்டேன். ஒரு வாரத்தில் கால் மூட்டு விரிந்து பிளந்துவிட்டது. போலி கிட்டா?

பதில்: அசலிலும் நடக்கும். அந்தத் திரவம் எனாமல். அதன் தின்னர் இறுக்கமாகச் செருகியிருக்கும் பாகத்தின் நுண்விரிசலில் ஊறிப் பிளக்கும், ஏ.பி.எஸ். என்ற வேறு வகை பிளாஸ்டிக் மூட்டுகளில் இன்னும் சீக்கிரம். பாகங்களைப் பிரித்து வைத்து, பளபளப்பு வார்னிஷ் அடித்து, அதன் மேல் கோடு போட்டு, முழுக்கக் காய்ந்த பிறகே பொருத்த வேண்டும்.

கேள்வி (தஞ்சாவூர்): ஜப்பான் கடையில் விலை பாதிதான். நேராக வரவழைக்கலாமா? கிஃப்ட் என்று எழுதச் சொன்னால் வரி வராதாமே?

பதில்: அந்தக் காலம் போயிற்று. 2019 டிசம்பரில் கிஃப்ட் பார்சல் சலுகையை நீக்கிவிட்டார்கள்; முழு வரி கட்டினால்தான் வரும். ஸ்கேல் மாடல்கள் சுங்கப் பட்டியலில் பொம்மைகளோடு 9503 தலைப்பில் இருக்கின்றன. அதற்கான அடிப்படைச் சுங்கவரியை 2020-இல் 20-இலிருந்து 60 சதவீதமாகவும், 2023-இல் 70 சதவீதமாகவும் ஏற்றினார்கள். தனிநபர் பார்சலுக்குத் தனி விகிதம் உண்டு, பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் அதுவும் மாறும். எந்தத் தலைப்பில் போடுவார்கள், கையாளும் கட்டணம் எவ்வளவு என்று கூரியரிடம் ஆர்டருக்கு முன் எழுத்தில் கேளுங்கள். வரி, கிட் விலையோடு அனுப்பும் செலவையும் சேர்த்துப் போடப்படும். கப்பல் கட்டணமா விமானக் கட்டணமா என்பது இரண்டு தடவை கணக்கில் வரும்.

2021 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அந்த ஆணை 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் விளையாடும் பொருள்களுக்கானது. ஆகவே பெட்டியில் 14+ என்று அச்சிட்டிருக்கும் கிட்டாகப் பார்த்து எடுப்பது நல்லது. சிமென்ட், ஸ்ப்ரே, பெரும்பாலான பெயிண்டுகள் எரியக்கூடியவை. விமானப் பார்சலில் பிடுங்கி வைத்துவிடுவார்கள். அவற்றை உள்நாட்டுக் கடையிலேயே வாங்குங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): ஆன்லைனில் வாங்கிய கிட்டில் கண்ணாடிப் பாகச் சட்டமே இல்லை. "பிரித்த பெட்டியைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார் விற்பவர்.

பதில்: பிரிக்காமல் குறை தெரியாது என்று எழுத்தில் பதில் கொடுங்கள். செய்முறைத் தாளின் பாகப் பட்டியல் பக்கம், இருக்கும் சட்டங்கள் எல்லாவற்றையும் பரப்பி வைத்த படம், பெட்டியின் பக்கவாட்டில் உள்ள கிட் எண், பில் ஆகியவற்றை இணைத்து அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு அனுப்புங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் வந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம்; 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை.

கூடவே தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் சேவைக்கும் அதே படங்களை அனுப்புங்கள். பெரிய கம்பெனிகள் பலவும் விடுபட்ட சட்டத்தை மட்டும் தனியாக அனுப்பிவைக்கும். பதில் வரும்வரை எந்தப் பாகத்தையும் வெட்டாமல் வைத்திருங்கள். வெட்டிய கிட்டை யாரும் மாற்றித் தர மாட்டார்கள்.