செலவைச் சுருக்கியும் கடன் ஏன் குறையவில்லை? வருமானத்தைக் கூட்டினால்தான் வழியா?

கேள்வி கேட்டவரின் நிலை இது: கணவன், மனைவி இருவருக்கும் வேலை. கிரெடிட் கார்டில் நிலுவை, ஒரு பெர்சனல் லோன், உறவினரிடம் வாங்கிய கைமாத்து என்று மூன்று கடன்கள். பல மாதங்களாகச் செலவை இழுத்துப் பிடிக்கிறார்கள், கடன் அசையவில்லை. இனியும் செலவைக் குறைப்பதா, வருமானத்தைக் கூட்டப் பார்ப்பதா என்று கேட்கிறார்.

இரண்டும் வேண்டும்தான். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி: மிச்சம் பிடித்த பணம் கடனுக்குப் போய்ச் சேர்ந்ததா? எங்கள் வீட்டிலும் கார்டு, லோன், கைமாத்து எல்லாம் இருந்து, அடைத்து முடித்தோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், சிக்கனம் தெரியாத குடும்பங்கள் குறைவு. சிக்கனத்தில் மிஞ்சியது எங்கே போனது என்று சொல்லத் தெரிந்த குடும்பங்கள் அதைவிடக் குறைவு. மிஞ்சிய பணம் சேமிப்புக் கணக்கில் கிடக்கும். கிடக்கிற பணத்துக்கு எப்படியும் ஒரு செலவு வந்து சேரும், அதுவும் நியாயமான செலவாகவே வரும். மாதக் கடைசியில் பார்த்தால் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டியதெல்லாம் வேறு ஒன்றாக மாறியிருக்கும், கடன் மட்டும் அதே எண்ணில் நிற்கும்.

ஆகவே முதல் வேலை, வழியைப் போடுவது. சம்பளம் வருகிற நாளன்றே கடனுக்கான கூடுதல் தொகை தானாகக் கழியும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிடுங்கள். தவணையோடு சேர்த்து, அதற்கு மேலே ஒரு தொகை. ஆரம்பத்தில் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. அப்புறம் ஒரு செலவை வெட்டினால், அன்று மாலையே அந்தத் தொகையை இந்தத் தானியங்கிக் கழிவில் கூட்டிவிடுங்கள். பார்க்காத சந்தா ஒன்றை நிறுத்தினீர்களா, அந்த மாதச் சந்தா எவ்வளவோ அவ்வளவு ஏறட்டும். ‘மாதக் கடைசியில் மிச்சம் இருப்பதைக் கட்டுவோம்’ என்று விட்டால் மிச்சம் இருக்காது.

கார்டு நிலுவைக்கு இது உயிர்நாடி. கணக்கைப் பாருங்கள். ஒரு லட்சம் நிலுவை, மாதம் 3 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். மூன்றுதானே என்று தோன்றும். வட்டிக்கு வட்டி சேர்ந்து ஆண்டுக்கு 42 சதவீதத்துக்கு மேல் வரும். ஒன்றுமே கட்டாமல் விட்டால் இரண்டு வருடத்தில் ஏறக்குறைய இரட்டிப்பு. சரி, குறைந்தபட்சத் தொகையைக் கட்டுகிறோம், நிலுவையில் 5 சதவீதம். முதல் மாதம் சுமார் 5,000. நிலுவை குறையக் குறைய அந்தக் குறைந்தபட்சத் தொகையும் குறைந்துகொண்டே வரும், நமக்கும் அது சௌகரியமாக இருக்கும். புதிதாக ஒரு பொருள்கூட வாங்காமல் இப்படியே 32 மாதம் கட்டினால் கடனில் பாதிதான் தீர்ந்திருக்கும். அதே ஆள், முதல் மாதம் கட்டிய 5,000-ஐக் குறைக்காமல் மாதாமாதம் கட்டியிருந்தால் 31 மாதத்தில் மொத்தமும் அடைந்திருக்கும். இதில் செலவைக் குறைக்கவும் இல்லை, வருமானத்தைக் கூட்டவும் இல்லை. கட்டுகிற தொகையைக் குறைய விடவில்லை, அவ்வளவுதான். கார்டுக்காரர்கள் ஸ்டேட்மெண்டில் குறைந்தபட்சத் தொகையைக் கண்ணில் படும்படி போடுவது நம் மேல் உள்ள கரிசனத்தால் அல்ல.

அந்தக் கார்டைப் பயன்படுத்துவதையும் நிறுத்த வேண்டும். பழைய நிலுவை இருக்கும்போது புதிதாக வாங்குகிற பொருளுக்கு வழக்கமான வட்டியில்லாக் காலம் பெரும்பாலும் கிடைக்காது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். செல்போனில் சேமித்து வைத்திருக்கும் கார்டு எண்ணையும் அழித்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் எழுந்துபோய்க் கார்டைத் தேடி எண்ணை அடிக்க வேண்டியிருந்தால், பாதி வாங்கல்கள் தானாக நின்றுபோகும்.

இனி, செலவுக்கு வருகிறேன். சிக்கனம் என்றவுடன் எல்லோரும் அடுப்படியைத்தான் பார்ப்பார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சமையலறையில் பிடிக்கிற மிச்சம் சிறிது, பிடிக்கிறவருடைய உழைப்பு பெரிது, அது பெரும்பாலும் ஒருவர் தலையிலேயே விழும். குடும்பக் கடனை ஒருத்தி மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு அடைக்கிற நிலை வந்தால், கடன் தீருவதற்குள் இருவருக்குள்ளும் பேச்சு நின்றுவிடும். ஒருமுறை முடிவெடுத்தால் மாதாமாதம் தானாகக் குறைகிற செலவுகளை முதலில் எடுங்கள்: வாடகை, இரண்டாவது வண்டி, தேவைக்கு மேல் பெரிய இணையத் திட்டம், பயன்படுத்தாத உறுப்பினர் கட்டணம், சேமிப்பையும் காப்பீட்டையும் ஒன்றாகக் கட்டி விற்ற பாலிசி. கடைசியில் சொன்னதை மட்டும் அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள். சரண்டர் செய்தால், அதாவது பாலிசியைப் பாதியிலேயே முடித்துக்கொண்டால் என்ன கிடைக்கும், கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று எழுத்தில் கேட்டு வாங்கி, உயிர்க்காப்பு வேறு வழியில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு முடிவெடுங்கள். மருத்துவக் காப்பீட்டில் கை வைக்கவே கூடாது. கடனில் இருக்கும் குடும்பத்துக்கு ஒரு ஆஸ்பத்திரி பில் போதும், எல்லாம் திரும்பவும் முதலிலிருந்து.

மூன்று மாத வங்கி ஸ்டேட்மெண்டை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள். பெயர் புரியாத வரிகளில் நில்லுங்கள். சில சந்தாக்கள் நாம் அறிந்த பெயரில் வராது, அதை நடத்தும் கம்பெனியின் பெயரில் ஏதோ எழுத்தும் எண்ணுமாக வரும், கண் அதைத் தாண்டிப் போய்விடும். ஒரு மாத இலவசம் என்று சேர்ந்து மறந்துபோனவை அங்கேதான் ஒளிந்திருக்கும். தாமதக் கட்டணம், குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கான அபராதம், தவணை திரும்பியதற்கான அபராதம் இவற்றைத் தனியே கூட்டிப் பாருங்கள். எதையும் அனுபவிக்காமல் போன பணம் அது. தவணைத் தேதியைச் சம்பளத் தேதிக்கு அடுத்த நாளாக மாற்றிக்கொண்டாலே இதில் பெரும்பகுதி நிற்கும். பல வங்கிகள் கேட்டால் மாற்றித் தருவார்கள், யாரும் கேட்பதுதான் இல்லை.

மாத பட்ஜெட் போட்டும் ஏன் துண்டு விழுகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் மாதாமாதம் வராத செலவுகள்தான் காரணம். ஆண்டுக்கு ஒருமுறை கட்டுகிற காப்பீட்டுத் தொகை, பிள்ளைகளின் கட்டணம், வண்டி சர்வீஸ், டயர், பல் வைத்தியம், நெருங்கியவர் வீட்டு விசேஷம், ஊருக்குப் போய்வரும் செலவு. இவற்றை ‘எதிர்பாராத செலவு’ என்று சொல்லிக் கார்டைத் தேய்க்கிறோம். எல்லாமே எதிர்பார்த்தவைதான், தேதிகூடத் தெரியும். போன வருடம் முழுவதும் இப்படி வந்தவற்றை ஒரு தாளில் எழுதிக் கூட்டி, 12-ஆல் வகுத்து, அந்தத் தொகையை மாதாமாதம் வேறு ஒரு கணக்கில் ஒதுக்குங்கள். முதல் முறை வகுத்துப் பார்க்கும்போது வருகிற எண் பெரும்பாலோரைத் திடுக்கிட வைக்கும். கடனுக்குக் கட்டுகிற கூடுதல் தொகையைச் சற்றுக் குறைத்தாவது இதைச் செய்யச் சொல்வேன். ஒரு பக்கம் கடனை அடைத்துக்கொண்டே மறுபக்கம் இதற்காகப் புதுக் கடன் வாங்குவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை.

நிஜமாகவே எதிர்பாராதவற்றுக்கு ஒரு சின்ன இருப்பு போதும். ஆறு மாதச் செலவைச் சேர்த்து வை என்று பொதுவாகச் சொல்வார்கள். கார்டு வட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அவ்வளவு பணத்தைக் குறைந்த வட்டிக்குப் போட்டு வைப்பது நஷ்டக் கணக்கு. வேலை நிரந்தரமானது என்றால் ஒரு மாத அத்தியாவசியச் செலவு கையில் இருக்கட்டும். வருமானம் ஏறி இறங்கும் தொழில் என்றால் இரண்டு, மூன்று மாதம். கார்டு தீர்ந்த பிறகு பெரிதாக்கிக்கொள்ளலாம்.

வருமானத்தைப் பற்றி. செலவைக் குறைப்பதற்கு ஒரு அடி உண்டு, அதற்குக் கீழே போக முடியாது. நீங்கள் ஏற்கெனவே பல மாதமாகப் பிடித்துப் பார்த்துவிட்டீர்கள், அநேகமாக அந்த அடிக்கு அருகில் இருக்கிறீர்கள். அப்படியானால் இனி வருமானப் பக்கம்தான் இடம் இருக்கிறது. பகுதிநேர வேலை தேடுவதற்கு முன், இருக்கிற வேலையிலேயே பாருங்கள்: சம்பள உயர்வு கேட்க முடியுமா, ஓவர்டைம் உண்டா, வாங்காமல் விட்ட படிகள், கிளெய்ம் செய்யாத பில்கள் இருக்கின்றனவா, வரியில் கூடுதலாகப் பிடித்தது திரும்ப வர வேண்டுமா. இவற்றுக்குப் புதிதாக ஒன்றும் கற்க வேண்டாம்.

வெளியே வேலை எடுத்தால், கைக்கு வருகிற தொகையைப் பார்த்து ஏமாற வேண்டாம். வண்டியில் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை என்றால் எரிபொருள், வண்டித் தேய்மானம் இரண்டையும் கழியுங்கள். போக வர ஆகும் நேரத்தையும் வேலை நேரத்தோடு சேருங்கள். சோர்ந்து வந்து அன்றிரவு வெளியே சாப்பாடு சொன்னால் அதையும் கழியுங்கள். மிஞ்சுவதை மணி நேரத்தால் வகுத்துப் பார்த்தால் சில வேலைகள் கட்டுபடியாகாது. ஏற்கெனவே தெரிந்த வேலையைச் சிறு அளவில் விற்பது பெரும்பாலும் கூடுதலாகத் தரும்: கணக்கு எழுதத் தெரிந்தவர் சிறு கடைகளுக்கு எழுதித் தரலாம், பாடம் சொல்லத் தெரிந்தவர் இரண்டு பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளலாம், தைக்கத் தெரிந்தவர் பழுது பார்க்கும் தையலை எடுக்கலாம். வேலை தருகிறேன், முதலில் பதிவுக் கட்டணம் கட்டு என்று யார் சொன்னாலும் போனை வைத்துவிடுங்கள். ஆள் சேர்த்தால் பணம் என்பதும் அதே ரகம்தான்.

கடனை அடைக்கலாம் என்று பங்குச் சந்தையில் தினசரி வர்த்தகம் செய்யப் போகிறவர்களும் உண்டு. மாதம் 3 சதவீதம் வட்டி ஓடும் கடனில் ஒரு தொகையைக் கட்டினால், அந்தத் தொகைக்கு மாதம் 3 சதவீதம் நிச்சய லாபம். இவ்வளவு நிச்சயமாக வேறு எங்கும் கிடைக்காது.

கூடுதல் வருமானம் வரத் தொடங்கியதும் அதைத் தனிக் கணக்கில் வாங்குங்கள். சம்பளத்தோடு கலந்தால் இரண்டே மாதத்தில் வீடு அந்த வருமானத்துக்குப் பழகிவிடும். போனஸ், நிலுவைச் சம்பளம், பழைய பொருள் விற்ற காசு எல்லாம் இதில் சேரும். இதில் பத்தில் ஒரு பங்கு வீட்டாரின் ஆசைக்கு, மீதி கடனுக்கு என்று நாங்கள் வைத்திருந்தோம். அந்த ஒரு பங்கு இல்லையென்றால் பிள்ளைகளுக்கு இதில் எந்த அக்கறையும் வராது.

உங்கள் மூன்று கடனில் எதை முதலில் என்றால், கணக்குப்படி வட்டி அதிகமானதை, அதாவது கார்டை. மற்ற இரண்டுக்கும் வழக்கமான தவணை மட்டும். கைமாத்துக்கு வட்டி இல்லை, ஆனால் கொடுத்தவர் எதிரே வரும்போது நாம் தலையைக் குனிவது ஒரு வட்டிதான். அவரிடம் நேரில் போய், ‘மாமா, மாதம் இவ்வளவு தருகிறேன், இந்த மாதத்தில் முடிந்துவிடும்’ என்று தேதியோடு சொல்லிவிட்டு, சிறு தொகையானாலும் தவறாமல் கொடுங்கள். பணம் தாமதமாவதைவிட, பேச்சே இல்லாமல் இருப்பதுதான் அவர்களைப் புண்படுத்துகிறது.

எல்லாக் கடனையும் ஒரே லோனாக மாற்றித் தருகிறோம் என்று அழைப்பு வரும். வட்டி நிஜமாகவே குறைந்தால், காலம் நீளாமல் இருந்தால் மாற்றலாம். தவணை குறைகிறதே என்று மட்டும் பார்க்காதீர்கள், மொத்தம் எவ்வளவு கட்டுவோம் என்று கேளுங்கள். ‘ஃபிளாட் ரேட்’ என்ற சொல் காதில் விழுந்தால் எச்சரிக்கை. 12 சதவீத ஃபிளாட் ரேட்டில் மூன்று வருடக் கடன் என்றால், குறையும் அசலுக்கு மட்டும் வட்டி போடும் முறையில் அது சுமார் 21 சதவீதத்துக்குச் சமம். அசலில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்த பிறகும் முதலில் வாங்கிய முழு அசலுக்கும் வட்டி கட்டிக்கொண்டிருப்போம், அதனால் வருகிற வித்தியாசம்.

ஒரு தவணை கட்ட முடியாது என்று தெரிந்தால், தவறுவதற்கு முன்பே வங்கிக்குச் சொல்லுங்கள். தவறிய பிறகு பேசுவதைவிட அப்போது பேரம் பேச இடம் அதிகம். ‘இவ்வளவு கட்டு, முடித்துக்கொள்ளலாம்’ என்று செட்டில்மெண்டுக்கு அழைத்தால், அது கடன் அறிக்கையில் (நாம் வாங்கிய கடன்களையும் கட்டிய விதத்தையும் காட்டும் கிரெடிட் ரிப்போர்ட்) முழுதாக அடைத்ததாகப் பதிவாகாது, பின்னால் வீட்டுக் கடன் கேட்கும்போது குறுக்கே வரும். வேறு வழியே இல்லாதவர்களுக்கு அது கடைசி வழி.

பெர்சனல் லோனில் முன்கூட்டிக் கட்டும்போது அபராதம் உண்டா என்று முதலில் கேளுங்கள். கட்டியதும் தவணைத் தொகையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள் என்று எழுதிக் கொடுங்கள். கார்டு முடிந்த மாதமே அதற்குக் கட்டிவந்த தொகை அப்படியே லோன் பக்கம் திரும்பட்டும். கடைசித் தவணை போனதும் நிலுவை இல்லை என்ற சான்றிதழை வாங்கி, தானியங்கிக் கழிவை ரத்து செய்து, ஓரிரு மாதம் கழித்துக் கடன் அறிக்கையை எடுத்து அந்தக் கணக்கு மூடப்பட்டதாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டவில்லை என்றால் அந்தச் சான்றிதழோடு திருத்தம் கேட்கலாம்.