வலைப்பந்தை நிறுத்தியது சரியா, டொக்டர்?

கேள்வி: அட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். மகளுக்கு 15 வயது, தரம் 10 படிக்கிறாள். அடுத்த வருடம் ஓ.எல். பரீட்சை என்பதால் வலைப்பந்துப் பயிற்சியை நிறுத்திவிட்டோம். பாடசாலையிலும் விளையாட்டு நேரத்தில் கணக்குதான் நடக்கிறதாம். இப்போது இரவு 12 மணியாகியும் தூங்குவதில்லை. காலை 5 மணிக்கு எழுப்பினால் எரிந்து விழுகிறாள், சில நாள் காரணமில்லாமல் அழுகிறாள். தூக்க மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: மாத்திரை வேண்டாம், அம்மா. முதலில் பயிற்சிக்குத் திரும்ப அனுப்புங்கள்.

இந்த வயதில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. உங்கள் மகளுக்குக் கிடைப்பது 5. எரிச்சலுக்கும் அழுகைக்கும் அதுவே பெரிய காரணமாக இருக்கலாம். அவள் வேண்டுமென்று விழித்திருக்கவில்லை. பருவ வயதில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பதே பிந்துகிறது. அதோடு நாள் முழுக்கக் கதிரையில் உட்கார்ந்திருந்தால் மூளைதான் களைக்கும், உடம்பு களைக்காது. மாலையில் ஓடி விளையாடிய பிள்ளைக்குத் தூக்கம் சீக்கிரம் வரும், ஆழமாகவும் இருக்கும். படித்தது மனதில் பதிவதும் அந்தத் தூக்கத்தில்தான். அப்புறம், குழுவோடு விளையாடும்போது கிடைக்கும் சிரிப்பும் பேச்சும் வீட்டுக்குள் கிடைக்காது. அவள் இழந்தது விளையாட்டை மட்டுமல்ல, தோழிகளையும்தான்.

ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாடசாலைக்கு மேடேறி நடப்பதும் இந்தக் கணக்கில் சேரும். வேனில் போகிறவள் என்றால் திரும்பும்போதாவது நடக்கட்டும். நம் பக்கம் மழை மாதங்களில் மைதானம் சேறாகிவிடும், அப்போது மண்டபத்திலோ வகுப்பறையிலோ கயிறு தாண்டலாம். விளையாட்டு நேரத்தைக் கணக்குக்கு எடுப்பதை நான் ஏற்கவே மாட்டேன். நாலைந்து பெற்றோர் சேர்ந்து அதிபரிடம் பேசுங்கள்.

இரவுப் படிப்புக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிறீர்களா? பிற்பகலோடு நிறுத்துங்கள், அதிலுள்ள கஃபீன் பல மணி நேரம் உடம்பில் நிற்கும். லயத்தில் ஒரே அறையில் எல்லோரும் இருக்கும்போது அவளை மட்டும் தூங்கச் சொல்ல முடியாது. 9.30க்கு டிவியையும் ஃபோன்களையும் வீடே சேர்ந்து அணைத்துவிடுங்கள். 10 மணிக்குப் படுத்தால் 5 மணிக்குள் 7 மணி நேரம் கிடைக்கும். அதுவும் தேவையான 8 மணி நேரத்துக்குக் குறைவுதான், இன்னும் அரை மணி முந்திப் படுக்க முடிந்தால் நல்லது.

இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவையும் பார்த்துவிடுங்கள். மாதவிடாய் வந்த பிள்ளைகளிடம் இரத்தசோகை நிறையப் பார்க்கிறேன், சோர்வும் எரிச்சலும் அதிலும் வரும். சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணி இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது என்பதால் அதற்கு ஒரு மணி நேர இடைவெளி விடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் அழுகை நீடித்தாலோ, பிடித்த விளையாட்டுக்கும் போக மறுத்தாலோ, விளையாட்டு மட்டும் போதாது. பக்கத்து ஆதார வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போய் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். “இருந்து என்ன பிரயோசனம்” என்பது போல ஒரு சொல் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், அன்றைக்கே கூட்டிப் போங்கள். வீட்டிலுள்ள பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள். தேசிய மனநல உதவி எண் 1926, இரவிலும் எடுப்பார்கள்.