அப்பாவின் ரேடியோவை அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: நாங்கள் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். தோட்டத்தில் வயர்மேனாக இருந்த என் அப்பா 1979 முதல் அமெச்சூர் ரேடியோ (பொழுதுபோக்காக மற்ற நிலையங்களோடு காற்றில் பேசுவது) வைத்திருந்தார். சென்ற மாதம் காலமாகிவிட்டார். அறை நிறைய கருவிகள், ஒரு பெட்டி அட்டைகள், வீட்டுக்குப் பின்னால் ஓர் இரும்புக் கம்பம். கருமக்கிரியை முடிந்த மறுநாள் ஒருவர் வந்து, லைசென்ஸ்காரர் போன வீட்டில் இவை இருந்தால் பறிமுதலும் அபராதமும்தான் என்றார். எல்லாவற்றுக்கும் சேர்த்து 400 வெள்ளி (ரிங்கிட்) தருகிறாராம். 1,500 வெள்ளி கொடுத்தால் அப்பாவின் கால்சைனை, அதாவது காற்றில் அவருக்கு இருந்த அடையாள எழுத்தை, என் பெயருக்கு மாற்றியும் தருவாராம். யாரோடு எப்போது பேசினார் என்று குறித்து வைத்த லாக் புத்தகத்தில் அப்பா எழுதிய நேரமெல்லாம் தப்பாக இருக்கிறது, அவருக்கு நினைவு தடுமாறிவிட்டதோ என்று அம்மா வேறு வருந்துகிறார். நான் என்ன செய்வது?

பதில்: தம்பி, அந்த ஆளை மறுபடி வாசலில் ஏற்றாதீர்கள்.

கடிதத்தில் நீங்கள் எழுதியிருந்த கால்சைனைப் பார்த்ததும் குரல் ஞாபகம் வந்துவிட்டது. முகம் பார்த்ததில்லை. 2 மீட்டர் அலைவரிசையில் காலை ஆறரைக்கு வருவார், வானிலையும் சிக்னலும் சொல்வார், "வேலைக்கு நேரமாச்சு" என்று போய்விடுவார். இப்படிக் குரலாக மட்டும் தெரிந்தவர்கள் எங்களுக்கு அதிகம். ஒருவர் இறந்தால் 'சைலண்ட் கீ' என்போம். தந்தி அடிக்கும் சாவி ஓய்ந்துவிட்டது என்று பொருள். அவருடைய கால்சைனுக்குப் பின்னால் எஸ்.கே. என்று எழுதுவோம். மோர்ஸில் பேச்சை முடிக்கும்போது அடிக்கிற குறியும் அதுதான்: மூன்று புள்ளி, ஒரு கோடு, ஒரு புள்ளி, ஒரு கோடு.

சரி, கால்சைனுக்கு வருவோம். அது சொத்து இல்லை. நிலத்துக்குக் கிராண்ட் (உரிமைப் பத்திரம்) இருப்பது போலவோ, கார் நம்பர் போலவோ பெயர் மாற்றிக்கொள்ள முடியாது. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் அப்பா பெயருக்குக் கொடுத்த அனுமதி அது. அவரோடு முடிந்தது. நீங்கள் காற்றில் பேச விரும்பினால் தேர்வு எழுதி, உங்கள் பெயரில் தனியாக ஒன்று வாங்க வேண்டும். தீபகற்பத்தில் பெரும்பாலும் 9எம்2 என்றோ 9டபிள்யூ2 என்றோ தொடங்கும். 1,500 வெள்ளி வாங்குகிறவர் உங்கள் கையில் ஒரு தாளைத் திணிப்பார். அந்தத் தாளை நம்பி மைக்கை அழுத்தினால் மாட்டுவது நீங்கள், அவர் இல்லை.

அடுத்தது, பறிமுதல் மிரட்டல். இந்த ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று வகை உண்டு. சாவு வீட்டுக்கு மாலையோடு வந்து, அப்பாவின் 'பழைய சிநேகிதர்' என்று அறையை ஒரு சுற்று நோட்டம் விடுகிறவர் ஒருவர். பழைய இரும்பு லோரிக்காரர் இன்னொருவர்: கிலோ கணக்கில் எடை போடுவார், செம்புக் கம்பிக்கும் அலுமினியக் குழாய்க்கும் விலை தெரியும், ரேடியோவுக்குத் தெரியாது. மூன்றாமவர்தான் ஆபத்து. அவருக்கு எல்லா விலையும் தெரியும், உங்களுக்குத் தெரியாது என்பதும் தெரியும். அனுமதியோடு இருந்தவர் வைத்துப் போன கருவி சுவிட்ச் போடாமல் அறையில் இருப்பதற்காக மறுநாளே யாரும் கதவைத் தட்டப்போவதில்லை. அதில் பேசி அலை அனுப்புவதற்கு அனுமதி கட்டாயம் வேண்டும். மைக்கைத் தொடாதீர்கள், 'ஒரே ஒரு தடவை அப்பா பெயரில் விடைபெற்றுக்கொள்கிறேன்' என்றும் வேண்டாம்.

மரணச் சான்றிதழ் நகலோடு ஆணையத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: கால்சைன் இன்னது, இறந்த தேதி இன்னது, அனுமதியை ரத்து செய்யுங்கள், கருவிகளை லைசென்ஸ் உள்ளவரிடம் கொடுக்கப் போகிறோம். எழுத்தில் கொடுத்துவிட்டால் எவரும் உங்களைப் பயமுறுத்த முடியாது. நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கவுண்டருக்குப் போனாலும் 'இறந்தவர் நேரில் வந்து கையெழுத்துப் போடணும்' என்கிற மாதிரிதான் பேசுவார்கள். என் அண்ணன் விஷயமாக ஓர் அலுவலகத்தில் நான்கு தடவை அலைந்தேன். நான்காம் தடவை, இறந்தவரின் ஆன்லைன் கணக்குக்குப் பாஸ்வேர்ட் கேட்டார்கள். அதனால் கடிதம், அப்புறம் கடிதம் கிடைத்ததற்கு அத்தாட்சி. ஃபோனில் சொன்னது எதற்கும் உதவாது.

ஒரே ஒரு விதிவிலக்கு. பெட்டியில் கைக்கு அடக்கமான வாக்கி-டாக்கிகள் இருந்தால், அவை 477 மெகாஹெர்ட்ஸ் வகையா என்று பாருங்கள். கடையில் ஜோடியாக விற்பது, தோட்டத்தில் செக்யூரிட்டியும் கல்யாண மண்டபத்தில் பிள்ளைகளும் பயன்படுத்துவது. அதற்குத் தனி லைசென்ஸ் வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளலாம். ஆனால் பார்க்க அதே மாதிரி இருக்கும் அப்பாவின் 2 மீட்டர் கைக்கருவி வேறு, அது 144 மெகாஹெர்ட்ஸ். 'வாக்கி-டாக்கிதானே' என்று தம்பி பிள்ளைகளிடம் கொடுத்துவிடாதீர்கள். இரண்டுக்கும் ஒரே நிறம், ஒரே மாதிரி பட்டன். திரையில் வரும் எண் 477 என்று தொடங்கினால் அது, 144, 145 என்று தொடங்கினால் இது. இரண்டு அலைவரிசையிலும் பேசுகிற ஒரு சீனக் கருவி இருந்தால்? அதை அப்பாவின் கருவியாகவே நினைத்துக்கொள்ளுங்கள். பட்டன் அழுத்தி 477-க்குக் கொண்டுவந்துவிட்டதால் அது பிள்ளைகளின் கருவி ஆகிவிடாது. இதை மூன்று வீட்டில் சொல்லியும் இரண்டு வீட்டில் கேட்கவில்லை.

இன்றே செய்ய வேண்டியது: ரேடியோவின் பின்னாலிருந்து ஆண்டெனா ஒயரைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போடுங்கள். பேராக்கில் சாயங்கால இடி எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அறையில் கனமாக, பெரிய மின்விசிறி உள்ள இரும்புப் பெட்டி இருந்தால், அது லீனியர் ஆம்ப்ளிஃபையராக, அதாவது அனுப்பும் சிக்னலைப் பெருக்கும் கருவியாக, இருக்கலாம். வால்வு வைத்தது என்றால் உள்ளே 2,000 வோல்ட்டுக்கு மேலும் ஓடலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கப்பாசிட்டரில் அது தங்கியிருக்கும். மூடியைத் திறக்காதீர்கள், வயர்மேன் பிள்ளைதானே என்று நினைக்கவும் வேண்டாம். கம்பத்தை நீங்களே இறக்காதீர்கள், மின்கம்பி பக்கத்தில் போனால் சொல்லவே வேண்டாம்.

விற்பது என்றால், மார்ட்ஸ் எனப்படும் மலேசிய அமெச்சூர் ரேடியோ சங்கத்துக்கு முதலில் தகவல் சொல்லுங்கள். லைசென்ஸ் உள்ள ஒருவர் வந்து பட்டியல் போட்டுக் கொடுப்பார். அவர் லைசென்ஸைக் காட்டச் சொல்ல வெட்கப்படாதீர்கள். பட்டியல் போட்டவரே வாங்குபவராக இருந்தால் வேறொருவரிடமும் விலை கேளுங்கள்.

அட்டைகளை மட்டும் விற்காதீர்கள். அவை கியூ.எஸ்.எல். அட்டைகள், இன்ன நாளில் இன்ன நேரத்தில் உங்களோடு பேசினேன் என்பதற்குச் சாட்சி. வி.யு. என்றால் இந்தியா, ஜே.ஏ. என்றால் ஜப்பான், 4எஸ்7 என்றால் இலங்கை. வி.எஸ்.2 என்று ஓர் அட்டை இருந்தால் பத்திரம், அது நம் மலாயாவின் பழைய அடையாளம், அப்பாவுக்கும் முந்தியவர் எவரோ கொடுத்தது. லாக்கில் 2004 டிசம்பர் பக்கத்தையும் பாருங்கள். அந்த மாதம் பாரதி பிரசாத் என்ற அம்மையார் அந்தமானிலிருந்து வி.யு.4 அடையாளத்தில் பேசிக்கொண்டிருந்தபோதுதான் சுனாமி வந்தது. போர்ட் பிளேரிலிருந்து வெளியுலகத்துக்குச் செய்தி போக அவருடைய குழு உதவியது. அப்பா காற்றில் அவரோடு பேசியிருக்கலாம். வீட்டில் வைக்க இடமில்லை என்றால், வியன்னாவில் உள்ள ஒரு வானொலி ஆவணக் காப்பகம் உலகம் முழுவதிலிருந்தும் இந்த அட்டைகளைச் சேர்த்து வைக்கிறது.

இனி அம்மாவுக்கு. அப்பாவின் நினைவு தடுமாறவில்லை. நாங்கள் லாக்கில் உள்ளூர் நேரம் எழுதுவதில்லை, யூ.டி.சி. என்கிற கிரீனிச் நேரம் எழுதுவோம். அதோடு எட்டு மணி கூட்டினால் நம் நேரம். காலை ஏழு மணிக்குப் பேசியது முந்தின நாள் 2300 என்றுதான் இருக்கும். தீபாவளி அன்று காலை எட்டு மணிக்கு முன் அவர் அறையிலிருந்து பேசியதாக அம்மா சொன்னால், லாக்கில் அதற்கு முந்தின நாளில் தேடச் சொல்லுங்கள். சங்கங்களின் வழியாக வரும் அட்டைகள் ஓராண்டுக்கு மேலும் தாமதமாகும், அதனால் அப்பா பெயருக்கு இன்னும் சில வரும். லாக்கைப் பார்த்து அதே நேரத்தை எழுதி, கால்சைனுக்குப் பின் எஸ்.கே. சேர்த்துப் பதில் போட்டுவிடுங்கள். பழைய பக்கங்களில் மட்டும் கவனம்: 1981 முடியும் வரை இங்கே ஏழரை மணிதான் வித்தியாசம்.