பனி தூக்கும் கம்பங்கள்: டெக், வேலி பற்றி வாசகர் கேள்விகள்

பனி உருகியதும் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வேலிக் கம்பம் பற்றியவை. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: இரண்டு வருடங்களுக்கு முன் 6 அடி உயர மரவேலி போட்டோம். கம்பத்துக்கு 2 அடி ஆழம் தோண்டி, குழி நிறையக் கான்கிரீட் கொட்டினோம். இப்போது நான்கு கம்பங்கள் கான்கிரீட்டோடு சேர்ந்து 3 அங்குலம் மேலே வந்து நிற்கின்றன. சம்மட்டியால் அடித்தும் இறங்கவில்லை. கான்கிரீட் போதவில்லையா?

பதில்: குறை ஆழத்தில்தான். இன்னும் இரண்டு மூட்டை கொட்டியிருந்தாலும் கம்பம் எழும்பித்தான் இருக்கும்.

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. அது மட்டும் கம்பத்தை இவ்வளவு தூக்கிவிடாது. குளிர் மேலிருந்து மண்ணுக்குள் இறங்க இறங்க, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அடி மண்ணிலிருந்து ஈரத்தை மேலே இழுக்கிறது. அந்த ஈரம் மெல்லிய பனிக்கட்டித் தட்டுகளாக, ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கிறது. அந்தத் தட்டுகள் தடிக்கும்போது மேல்மண் எழும்புகிறது. கான்கிரீட்டின் பக்கங்களை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும் உறைந்த மண், கம்பத்தையும் கூடவே தூக்கிச் செல்கிறது. அடியில் உண்டாகும் வெற்றிடத்தில், பனி இளகும்போது சேறு சரிந்து நிரம்பிவிடும். நீங்கள் அடித்தும் இறங்காததற்குக் காரணம் அதுதான். அடுத்த குளிரில் இன்னும் ஓர் அங்குலம் ஏறும்.

பிடுங்கியெடுத்த கான்கிரீட் கட்டியைக் கழுவிவிட்டுப் பாருங்கள். மேலே அகன்று கீழே குறுகியிருந்தால், அதாவது காளான் குடை போலவோ முள்ளங்கி போலவோ இருந்தால், பனிக்குத் தூக்கக் கைப்பிடி கொடுத்த மாதிரி. குழியின் வாயில் வழிந்து பரவிய கான்கிரீட்டை அப்படியே விட்டுவிடுவதால் வருகிற வினை இது.

மறுபடி போடும்போது உங்கள் ஊரின் உறை ஆழத்தை, அதாவது குளிரில் மண் எவ்வளவு ஆழம் வரை உறையும் என்பதை, கட்டட அனுமதி கொடுக்கும் அலுவலகத்தில் கேளுங்கள். சில இடங்களில் 3 அடி, சில இடங்களில் 5 அடியைத் தாண்டும். தோண்டுவதற்கு முன் மின்கம்பி, எரிவாயுக் குழாய் எங்கே போகின்றன என்று குறித்துத் தரச் சொல்லுங்கள்.

உறை ஆழம் 4 அடி என்று வைத்துக்கொள்வோம். 12 அங்குல விட்டத்தில் 4½ அடி தோண்டுங்கள். அடியில் 6 அங்குலம் முக்கால் அங்குல உடைகல் ஜல்லி. அதன்மேல், மண்ணில் புதைப்பதற்கென்றே, மக்காமல் இருக்க மருந்தேற்றிய 10 அடி கம்பத்தை நிறுத்தி, ரசமட்டம் வைத்து இரண்டு பக்கமும் தூக்குப் பாருங்கள். பிறகு அதே ஜல்லியை 6 அங்குலம் 6 அங்குலமாகக் கொட்டி, கடப்பாரையின் தட்டைப் பக்கத்தால் ஒவ்வோர் அடுக்கையும் இடித்து இறுக்குங்கள். ஆற்றுக் கூழாங்கல் வேண்டாம். உருண்டைக் கல் ஒன்றையொன்று பிடிக்காது. மேல் 4 அங்குலத்துக்கு மண்ணைக் கூம்பாக அணைத்துவிட்டால் மழைநீர் விலகி ஓடும். ஒரு குழிக்கு ஏறக்குறைய 3 கன அடி ஜல்லி பிடிக்கும்.

இதெல்லாம் நீர் வடியும் மண்ணுக்கு. கெட்டியான களிமண்ணில் ஜல்லிக் குழி கிணறாகிவிடும். அங்கே உறை ஆழத்துக்குக் கீழே அடிப்பகுதியை மணிபோல் அகலமாக்கி, அதற்கு மேல் வழவழப்பான அட்டைக் குழாய்க்குள் கான்கிரீட் ஊற்றுவதே சரி. அகன்ற அடி நங்கூரமாகப் பிடிக்கும். வழவழப்பான பக்கத்தில் பனிக்குப் பிடி குறையும். இறுகிய களிமண்ணில் ஆள் வைத்துத் திருகி இறக்கும் இரும்புத் திருகுத் தூண்களும் நல்ல வழி. தோண்டிய மண்ணை வாரும் வேலையும் மிச்சம்.

கேள்வி: பழைய வீடு வாங்கியிருக்கிறோம். வீட்டுச் சுவரோடு ஒட்டி ஒரு டெக், அதாவது வெளி மரத்தளம், இருக்கிறது. பார்க்க உறுதியாகத்தான் இருக்கிறது. குளிர்காலத்துக்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: மேல்பலகையை விடுங்கள், அடியில் போய்ப் பாருங்கள். டெக் இடிந்து விழும்போது பெரும்பாலும் முதலில் கழல்வது, அதைச் சுவரோடு சேர்த்துப் பிடிக்கும் சுவர்ப்பலகைதான். அதில் ஆணித் தலைகள் மட்டும் தெரிந்தால், அந்த டெக்கில் ஆள் கூட்டம் சேர விடாதீர்கள். ஆணி நேர்ப்பாரத்தை ஓரளவு தாங்கும். வெளிப்பக்கம் இழுத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும். அரை அங்குலப் போல்ட் மேலும் கீழுமாக மாறி மாறிப் போய், வீட்டின் மரச்சட்டத்தில் இறங்கியிருக்க வேண்டும். அலங்காரத்துக்காக வெளியே ஒட்டிய ஒற்றைச் செங்கல் சுவரில் சுவர்ப்பலகையை மாட்டவே கூடாது. அப்படி மாட்டியிருந்தால், சுவரோரமாக இன்னொரு வரிசைத் தூண் நிறுத்தி டெக்கைத் தனியே நிற்க வையுங்கள்.

அடுத்து, ஒரு கூர்மையான குத்தூசியோ திருப்புளியோ எடுத்துக்கொள்ளுங்கள். கதவு நிலைக்கு நேர்கீழே, சுவர்ப்பலகையின் இரு முனைகள், குறுக்குச் சட்டங்களின் நுனி, தூண் அடி: இந்த நான்கு இடங்களிலும் குத்துங்கள். நல்ல மரம் எதிர்க்கும். நெம்பினால் நீள நாராகப் பிரியும். மக்கிய மரத்தில் ஊசி கால் அங்குலம் சத்தமில்லாமல் இறங்கும். நெம்பினால் சின்னச் சின்னத் துண்டாக உடைந்து வரும். வர்ணம் பூசிய மேல்தோல் ஒழுங்காக இருக்க, உள்ளே மாவாகிக் கிடப்பதும் உண்டு. ஆகவே கண்ணை நம்பாதீர்கள்.

மக்குவதற்குக் காரணம் குளிர் அல்ல, தேங்கும் நீர். கதவோரம் குவியும் பனி பகலில் உருகி, சுவருக்கும் பலகைக்கும் நடுவே இறங்கி, இரவில் உறைந்து விரிசலை அகலமாக்குகிறது. அதைத் தடுப்பது நீர்மறைப்புத் தகடு. அதன் மேல்விளிம்பு வெளிச்சுவர் உறைக்குப் பின்னால் போக வேண்டும், கீழ்விளிம்பு சுவர்ப்பலகையை மூடி வெளியே மடிய வேண்டும். சுவர் உறையின் மேல் வைத்துப் பசை தடவியிருந்தால் அது தகடே இல்லாததற்குச் சமம். அலுமினியத் தகடு வேண்டாம். மருந்தேற்றிய மரத்திலுள்ள செம்பு அதை அரித்துவிடும். அதே காரணத்தால்தான் திருகாணியும் உருக்கிய துத்தநாகத்தில் தோய்த்து முலாமிட்டதாகவோ துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்க வேண்டும்.

கேள்வி: டெக் மேல் முழங்கால் அளவு பனி நிற்கிறது. தாங்குமா?

பதில்: உயரத்தை வைத்துச் சொல்ல முடியாது, எடைதான் கணக்கு. புதிதாக விழுந்த பூம்பனி ஒரு கன மீட்டருக்கு 100 கிலோவுக்கும் குறைவாக இருக்கலாம். நாள்பட இறுகியது 300 கிலோவைத் தொடும். அப்படியானால் 50 சென்டிமீட்டர் பனி சதுர மீட்டருக்கு 50 கிலோவாகவும் இருக்கலாம், 150 கிலோவாகவும் இருக்கலாம். வட அமெரிக்க விதிகளின்படி டெக்குக்கு வழக்கமாகக் கணக்கிடுவது சதுர அடிக்கு 40 பவுண்டு, அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 195 கிலோ. அதிகப் பனி விழும் ஊர்களில் இதைவிடக் கூடுதலாகக் கேட்பார்கள்.

நீங்களே அளந்துவிடலாம். 30 சென்டிமீட்டர் நீள அகலத்தில் மேலிருந்து பலகை வரை பனியை ஒரு தூணாக வெட்டி, வாளியில் போட்டு நிறுங்கள். வாளியின் எடையைக் கழித்து 11ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கான எடை. 100 கிலோவைத் தாண்டினால் அள்ளிவிடுங்கள். கூரையிலிருந்து சரிந்து விழும் பக்கத்தைத் தனியாக அளங்கள், ஆபத்து அங்கேதான்.

கேள்வி: அள்ளும்போது பலகை கீறுகிறது. உப்புத் தூவலாமா?

பதில்: பிளாஸ்டிக் மண்வாரி, பலகையின் நீளவாக்கில். குறுக்கே தள்ளினால் விளிம்பு விளிம்பாகச் சிம்பு பெயரும். அடியில் அரை அங்குலம் மிஞ்சினால் விட்டுவிடுங்கள், வெயில் பார்த்துக்கொள்ளும். ஒட்டிய பனிக்கட்டியைக் கொத்திப் பெயர்க்காதீர்கள். கல் உப்பு திருகாணியையும் இணைப்பு இரும்புகளையும் தின்னும். அதோடு, வெப்பநிலை மைனஸ் 10 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கினால் அதற்கு வேலையும் ஓடாது. நடக்கும் வழியில் மணல் போதும்.

கேள்வி: வர்ணம் நல்லதா, மரச்சாயம் நல்லதா? எப்போது பூச வேண்டும்?

பதில்: நடக்கும் பரப்புக்கு எங்கள் ஓட்டு மரத்துக்குள் ஊறும் எண்ணெய்ச் சாயத்துக்கே. வர்ணம் மேலே தோலாக நிற்கும். வெட்டுமுனை வழியே ஈரம் புகுந்து தோலுக்கடியில் உறைந்தால், செதில் செதிலாக உரியும். பிறகு முழுவதையும் சுரண்டியாக வேண்டும். சாயம் வெளிறும், உரியாது. கழுவிவிட்டு மேலேயே பூசலாம்.

புதிதாக மருந்தேற்றிய மரம் ஈரமாகத்தான் வரும். பலகையில் சில துளி நீர் விட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்துக்குள் உறிஞ்சிக்கொண்டால் பூசலாம். முத்தாக நின்றால் இன்னும் சில வாரம் பொறுங்கள். வெப்பநிலை 10 டிகிரிக்கு மேல், இரவையும் சேர்த்து; பூசிய பின் இரண்டு நாள் மழை இல்லாமல் இருக்க வேண்டும். வெட்டுமுனைகளுக்கு முதலில் செம்பு கலந்த மருந்தைத் தடவி, அது காய்ந்த பின் சாயம் இரண்டு முறை. எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பற்றும். வெளியே விரித்துக் காயவிட்டு அப்புறம் அப்புறப்படுத்துங்கள்.

கேள்வி: வேலிக் கதவு கோடையில் நன்றாக மூடுகிறது, ஜனவரியில் தாழ்ப்பாள் சேரவில்லை. கதவை இழைத்துக் குறைக்கவா?

பதில்: வேண்டாம்! கோடையில் தானாகச் சரியாகிறதென்றால் அசைவது கம்பம். இப்போது இழைத்தால் கோடையில் இடைவெளி இளிக்கும். கீல் கம்பத்தை மட்டும் மேலே சொன்ன முறையில் ஆழமாக நட்டுவிடுங்கள். அதுவரை அரை அங்குலம் ஏறி இறங்கினாலும் விழுகிற அகலவாய்த் தாழ்ப்பாள் போட்டுச் சமாளிக்கலாம். கதவு எல்லாக் காலத்திலும் தொங்கினால் சாய்வுச்சட்டம் தப்பாக இருக்கும். மரச்சட்டம் கீல் பக்கத்துக் கீழ்மூலையில் தொடங்கித் தாழ்ப்பாள் பக்கத்து மேல்மூலைக்கு ஏற வேண்டும். கம்பி போட்டு முறுக்குவதானால் நேரெதிர்: கீல் பக்க மேல்மூலையிலிருந்து எதிர்க் கீழ்மூலைக்கு. தரைக்கும் கதவுக்கும் 4 அங்குலம் விடுங்கள்.

கேள்வி: 1990களில் கட்டிய வேலியைப் பிரிக்கிறோம். பலகையை அடுப்பில் எரிக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 2003 முடிவோடு வீட்டு உபயோகத்திலிருந்து விலக்கப்படும் வரை, மருந்தேற்றிய மரத்தில் பெரும்பாலும் இருந்தது ஆர்சனிக் கலந்த மருந்து. புகையிலும் சாம்பலிலும் ஆர்சனிக் இருக்கும். அறுக்கும்போது முகமூடி போடுங்கள். தூளைத் தார்ப்பாயில் பிடித்து, பலகையோடு சேர்த்துக் குப்பைக் கிடங்கில் தனியாகக் கொடுங்கள்.