ஐடி வேலைக்கு எந்த ஊர்? கேள்வி பதில்

கேள்வி: ஐடிக்காரர்கள் சில ஊர்களிலேயே போய்க் குவிவது ஏன்? சம்பளமா?

சம்பளம் ஊருக்குள் கூட்டிவரும். அங்கேயே தங்கவைப்பது இரண்டாவது வேலை. முதல் கம்பெனி கையை விரித்தால், பிள்ளையின் பள்ளியை மாற்றாமல் இன்னொன்று கிடைக்குமா? கிடைக்கிற ஊரில்தான் ஆள் நிற்பார். கலிஃபோர்னியாவின் சிலிக்கன் பள்ளத்தாக்கையே பாருங்கள். 1957-ல் எட்டுப் பேர் ஷாக்லி என்பவரின் செமிகண்டக்டர் ஆய்வகத்தை விட்டு வெளியேறி ஃபேர்சைல்டு செமிகண்டக்டர் என்ற சிப் கம்பெனியைத் தொடங்கினார்கள். அவர்களில் நாய்ஸும் மூரும் 1968-ல் அங்கிருந்தும் கிளம்பி இன்டெலைத் தொடங்கினார்கள். எல்லாம் பக்கத்துப் பக்கத்து ஊர்கள்தான். மூட்டை முடிச்சு கட்டும் வேலையே இல்லை.

கேள்வி: போட்டிக் கம்பெனிக்குப் போகமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொள்வார்களே?

கலிஃபோர்னியாவில் அந்தக் காகிதம் செல்லாது. 1872-லிருந்தே சட்டம் அப்படி. பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸில் செல்லும், 2018-ல்தான் பொதுவாக ஓராண்டுக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். ஒரு காலத்தில் பள்ளத்தாக்குக்குச் சரிநிகராக நின்ற பாஸ்டன் வட்டாரம் பின்தங்கியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பார்கள். நானும் அந்தக் கட்சிதான். டெக் பார்க் திறக்க ரிப்பன் வெட்டுகிறவர்கள் யாரும் இந்த ஷரத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

கேள்வி: வரிச் சலுகை கொடுத்தால் வரமாட்டார்களா?

2017-ல் அமேசான் இரண்டாம் தலைமையகத்துக்கு இடம் கேட்டது. 238 விண்ணப்பங்கள் வந்தன. நியூஜெர்சியின் நியூவார்க் நகரம் 700 கோடி டாலர் வரை சலுகை தருவதாகச் சொல்லியும் எடுபடவில்லை. அதைவிட மிகக் குறைவாகத் தந்த ஆர்லிங்டனுக்குப் போனார்கள். வாஷிங்டனை ஒட்டிய ஊர், ஆள் பஞ்சம் இல்லை.

கேள்வி: நான் ரிமோட். இன்டர்நெட் நன்றாக இருந்தால் போதாதா?

இன்றைக்குப் போதும். அமெரிக்காவின் துல்சா நகரில் குடிவரும் ரிமோட் ஊழியர்களுக்கு 10,000 டாலர் தரும் திட்டத்தையே 2018-ல் ஒரு அறக்கட்டளை அறிவித்தது. 'ஆபீசுக்கு வா' என்று மெயில் வந்தால் என்ன செய்வீர்கள் என்பதையும் யோசித்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: கணவன், மனைவி இருவருக்கும் வேலை வேண்டும். போகும் முன் எதைப் பார்ப்பது?

வேலைவாய்ப்புத் தளத்தில் ஊர்ப் பெயரைப் போட்டு இரண்டு பேரின் வேலையையும் தனித்தனியாகத் தேடுங்கள். திரும்பத் திரும்ப ஒரே கம்பெனிதான் வருகிறதா? அந்த ஊர் வேண்டாம். வீடும் உங்கள் ஆபீஸ் வாசலிலேயே பார்க்காதீர்கள். இரண்டு மூன்று அலுவலகப் பகுதிகளுக்குப் போகிற ரயில் தடத்தில் பாருங்கள். ஆபீஸ் மாறினாலும் வீடு மாற்ற வேண்டியிருக்காது.