காரில் படிந்த உப்புத் தண்ணீர்க் கறையை எடுப்பது எப்படி?

போர் தண்ணீரில் கழுவிக் கழுவி கார் பெயிண்ட்டிலும் கண்ணாடியிலும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுந்துவிட்டது, ஷாம்பூ போட்டுத் தேய்த்தும் போகவில்லை, எதைப் போட்டால் போகும் என்று கேட்டிருக்கிறீர்கள். முக்கால்வாசி போகும். மீதிக் கால்வாசியை என்ன செய்வது என்பதில்தான் ஆட்கள் காரைக் கெடுத்துக்கொள்கிறார்கள். நானும் கெடுத்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கோயம்புத்தூரில் எங்கள் வீட்டில் இரண்டு குழாய். ஒன்றில் நல்ல தண்ணி, அதாவது சிறுவாணி. இன்னொன்றில் உப்புத் தண்ணி, அதாவது போர். சிறுவாணித் தண்ணீரைப் பிடித்துக் காரைக் கழுவினால் அம்மா அன்றைக்குச் சோறு போடமாட்டார். ஆகவே காருக்கு எப்போதும் உப்புத் தண்ணிதான். பெயர்தான் உப்புத் தண்ணி, கறையாக நிற்பது சாப்பாட்டு உப்பு இல்லை. அதுவாக இருந்திருந்தால் அடுத்த முறை தண்ணீர் ஊற்றியதுமே கரைந்து ஓடியிருக்கும். நிற்பது சுண்ணாம்பு. நிலத்தடி நீரில் கால்சியமும் மெக்னீசியமும் பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கும், தண்ணீர் காயும்போது அது கார்பனேட்டாக மாறி அப்படியே ஒட்டிக்கொள்ளும், அதற்கப்புறம் வெறும் தண்ணீரில் கரையாது. கெய்சர் காயிலில் படிகிறதே, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் பூக்கிறதே, அதேதான். ஷாம்பூ எடுப்பது எண்ணெயையும் அழுக்கையும். இது இரண்டும் இல்லாத கல். பாத்திரத்தில் புளியைப் போட்டுக் கொதிக்கவிட்டால் படிவு விட்டுப்போவது புளியில் இருக்கிற அமிலத்தால். காருக்கும் அதே வைத்தியம்தான், புளி மட்டும் வேண்டாம். அதில் மண்ணும் ஓடும் இருக்கும், பெயிண்ட்டில் கோடு விழும்.

என் கார் கருநீலம், செகண்ட் ஹேண்ட். வெள்ளைக் காராக இருந்திருந்தால் எனக்கு இந்த ஞானமெல்லாம் வந்திருக்காது, அதில் கறை இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. வாங்கிய புதிதில் வீட்டு ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீர் வீணாகிறதே என்று பக்கெட்டில் பிடித்து வைத்து ஒன்றரை வருடம் அதில்தான் கழுவினேன். தண்ணீரைச் சேமிக்கிறேன் என்று பெருமை வேறு. பிறகு ஒருநாள் தண்ணீரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டும் டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பார்த்தால் உப்புத் தண்ணிக் குழாயில் 1400, ஆர்.ஓ. கழிவு நீரில் 2100. ஆர்.ஓ. மெஷின் தண்ணீரிலிருந்து எதையெல்லாம் பிரித்து எடுக்கிறதோ அத்தனையும் அந்தக் கழிவு நீரில்தானே போகும்! 1400 என்றால் ஒரு லிட்டரில் 1.4 கிராம் கரைந்த பொருள். கழுவி முடித்த காரின் மேல் அரை லிட்டர் தண்ணீர் நின்று காய்ந்தாலே முக்கால் கிராம் அளவுக்குத் தூள் மிச்சமாகும், அதுவும் வாராவாரம். (அந்த மீட்டர் சோடியம் உப்பையும் சேர்த்துத்தான் காட்டும், ஆகவே எண் பெரிதாக இருந்தாலே கறை படியும் என்று இல்லை. இந்தியக் குடிநீர்த் தரத்தில் கடினத்தன்மைக்கு, அதாவது கறையாகப் படியும் கால்சியம், மெக்னீசியம் அளவுக்குத் தனிக் கணக்கு: லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லை என்றால் 600 வரை.)

அப்புறம் நடந்தது இன்னும் மோசம். மாமா ஒருவர் வீட்டுக்கு வந்தவர், கண்ணாடியைப் பார்த்துவிட்டு, “மாப்ளே, பாத்ரூம் டைல்ஸுக்கு ஊத்தற ஆசிட் ரெண்டு சொட்டு விட்டுத் தேயுங்க, பளிச்சுன்னு ஆயிரும்” என்றார். கண்ணாடி பளிச்சென்றுதான் ஆனது. ஆனால் அந்த இரண்டு சொட்டு வழிந்து கீழே குரோம் பட்டையில் இறங்கியதை நான் பார்க்கவில்லை. துணி எடுத்துவரப் போய்த் திரும்புவதற்குள் பட்டை சாம்பல் பூத்து மங்கிவிட்டது, இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. டைல்ஸ் ஆசிட், டாய்லெட் கிளீனர் இரண்டிலும் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். குரோம், அலுமினியம் எதையும் விடாது. தயவுசெய்து வேண்டாம்.

சரி, என்ன செய்யலாம். வெயில் ஏறுவதற்கு முன்னால், பானட்டில் கை வைத்தால் சில்லென்று இருக்கும்போது, நிழலில் ஆரம்பியுங்கள். முதலில் ஷாம்பூ போட்டு மண் தூசியெல்லாம் போகக் கழுவிவிடுங்கள். தூசியோடு தேய்த்தால் கறை போகிறதோ இல்லையோ கோடு நிச்சயம். பிறகு ஒரு மெல்லிய பாலிதீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பெயிண்ட்டை மெல்லத் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு பைக்குள்ளிருந்து தடவினால் நன்றாகத் தெரியும். சொரசொரவென்று இருந்தால் சந்தோஷப்படுங்கள், கறை மேலேதான் உட்கார்ந்திருக்கிறது.

மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரை எடுத்து, அதே அளவு ஆர்.ஓ. குடிநீர் கலந்துகொள்ளுங்கள். கலப்பதற்குப் போர் தண்ணீர் வேண்டாம், அதிலேயே சுண்ணாம்பு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் முதலில் போட்டுப் பார்த்துவிட்டு, மைக்ரோஃபைபர் துணியை அதில் நனைத்துக் கறையின் மேல் அப்படியே விரித்துப் போடுங்கள். ஒன்றிரண்டு நிமிடம் போதும். தேய்க்க வேண்டாம், ஊற வேண்டும், இதுதான் முக்கியம். காயவும் விடக்கூடாது. துணியை எடுத்துவிட்டு, அழுத்தாமல் ஒரு தடவை இழுத்துத் துடைத்து, உடனே நிறையத் தண்ணீர் விட்டு, மறுபடி ஷாம்பூ போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். கழுவாமல் விட்டால் அமிலம் ரப்பர் ஓரங்களில் போய்த் தங்கும். ஒரே நேரத்தில் முழுக் காரையும் செய்ய நினைக்காமல் பானட்டில் பாதி, பிறகு மீதி, பிறகு கூரை என்று போங்கள். முதல் தடவையில் போகாதது இரண்டாவது, மூன்றாவது தடவையில் போகும். அதற்காக அமிலத்தின் வீரியத்தைக் கூட்டாதீர்கள், தடவைகளைக் கூட்டுங்கள். எலுமிச்சம்பழமும் வேலை செய்யும், ஆனால் உப்பைத் தொட்டுக்கொண்டு தேய்க்கச் சொல்லும் வீடியோக்களை நம்ப வேண்டாம், உப்புக்கல் கீறும். மேட் பெயிண்ட், அதாவது பளபளப்பில்லாத பெயிண்ட் என்றால் எதையும் வைப்பதற்கு முன் விவரம் தெரிந்தவரிடம் கேட்டுவிடுங்கள்.

இவ்வளவு செய்தும் வட்டம் வட்டமாகத் தெரிகிறது, ஆனால் தடவினால் வழவழவென்று இருக்கிறது என்றால் அது வேறு கதை. நான் அப்படிப்பட்ட ஒரு வட்டத்தோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு பெயிண்ட் வேலை செய்யும் ஒரு தம்பியிடம் காரைக் கொண்டுபோனேன். அவர் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இது கறை இல்லீங்ணா, குழி” என்றார். அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் எனக்கும் தெரிந்தது: அம்மைத் தழும்பு மாதிரி, நடுவில் லேசாகப் பள்ளம், ஓரத்தில் ஒரு வரம்பு. சூடான பானட்டின் மேல் சொட்டு சுண்டச் சுண்ட அதிலிருக்கும் உப்புகளின் செறிவு ஏறிக்கொண்டே போய், நிறத்துக்கு மேலே இருக்கும் கண்ணாடி போன்ற கிளியர் கோட் பூச்சையே அரித்துவிடுகிறது. அங்கே எடுப்பதற்கு எதுவும் இல்லை, இருந்ததுதான் போய்விட்டது. இதற்கு ஒரே வழி பாலிஷ், அதாவது குழியைச் சுற்றியுள்ள மேட்டை இழைத்துக் குழியின் மட்டத்துக்குக் கொண்டுவருவது. கிளியர் கோட் மொத்தமே சுமார் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லிசு. வருடத்துக்கு இரண்டு முறை ரப்பிங் பாலிஷ் போட்டால் எத்தனை வருடம் தாங்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். லேசான குழியை மென்மையான பாலிஷில் எடுக்கலாம், ஆழமானதை விட்டுவிடுவதே மேல் என்பது என் கருத்து. டூத்பேஸ்ட்டும் ஒருவகை ரப்பிங்தான், அதனால்தான் போட்டதும் சரியானது போலத் தெரியும், வெயிலில் நிறுத்திப் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி கோடுகள் ஓடியிருக்கும். தேங்காய் எண்ணெயும் ஸ்ப்ரே எண்ணெயும் எதையும் எடுக்காது, குழியை நிரப்பி மறைக்கும், அவ்வளவே. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பானட் அளவுக்கு மீறி மினுமினுத்தால் ஷாம்பூத் துணியால் ஒரு இடத்தைத் துடைத்துப் பார்ப்பது நல்லது.

கண்ணாடிக்கு வருவோம். கண்ணாடி பெயிண்ட்டைவிடக் கடினம், ஆகவே இங்கே கொஞ்சம் துணிச்சலாக இருக்கலாம். வினிகர்த் துணியைப் பத்து நிமிடம்கூடப் போட்டு வைக்கலாம், கண்ணாடி மட்டும் நனைகிற மாதிரி. அதற்கும் போகாததற்கு 0000 நம்பர் ஸ்டீல் உல், அதாவது மிக மெல்லிய இழை. பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் இல்லை, குழப்பிக்கொள்ளாதீர்கள். நிறைய சோப்புத் தண்ணீரோடு, கண்ணாடியின் வெளிப்புறத்தில் மட்டும். உள்பக்கம் ஃபிலிமும் பின் கண்ணாடியில் சூடேற்றும் கம்பிகளும் இருக்கும். நீர் விலக்கும் கோட்டிங் போட்டிருந்தால் அதுவும் இதில் போய்விடும்.

நிலத்தடி நீரில் சிலிக்காவும் இருக்கும், அது கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டிக்கொண்டால் வினிகர் ஒன்றும் செய்யாது. அப்போது சீரியம் ஆக்சைடு என்ற பொடியை வாங்க வேண்டும், லென்ஸ்களை மெருகேற்றப் பயன்படுவதுதான். தோசை மாவு பதத்துக்குத் தண்ணீரில் கரைத்து ஃபெல்ட் பேடில் தேய்க்க வேண்டும், காயவிடாமல், மெஷினில் என்றால் குறைந்த வேகத்தில், ஒரே இடத்தில் நிற்காமல். கண்ணாடி சூடேறினால் விரிசல் விழலாம். ஓட்டுநர் பார்வை படும் இடத்தில் அளவாகத்தான் தேய்க்க வேண்டும், ஒரே இடத்தை அதிகமாக இழைத்தால் அங்கே எதிரே வரும் லைட் நெளிந்து தெரியும். எனக்கு முன் கண்ணாடிக்கு மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாகப் போனது, கை இரண்டு நாள் வலித்தது. முடிந்ததும் வைப்பர் ரப்பரை மாற்றிவிடுங்கள், பழைய ரப்பரில் சுண்ணாம்புத் துகள் ஒட்டியிருக்கும். வைப்பர் தண்ணீர்த் தொட்டியில் நீங்களும் என்னைப் போல உப்புத் தண்ணியைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தீர்கள் என்றால் அதையும் காலி செய்துவிட்டு ஆர்.ஓ. குடிநீர் ஊற்றுங்கள். என் காரில் நாசில் அடைத்துக்கொண்டு ஊசியால் குத்தித்தான் எடுத்தேன்.

இனி படியாமல் இருக்க உப்புத் தண்ணியைக் கைவிட வேண்டியதில்லை. எனக்கும் வேறு தண்ணீர் இல்லை, இன்றும் அதில்தான் கழுவுகிறேன். காய்வதற்குள் துடைத்துவிடுகிறேன், மாற்றியது அது மட்டும்தான். தண்ணீர் ஆவியானால்தானே சுண்ணாம்பு மிஞ்சும், துணியில் போய்விட்டால் காரில் ஏது? வாட்டர் வாஷ் கடையிலும் ஈரத்தோடு சாவியைக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வெயிலில் ஓட்டிப் போகாதீர்கள், துடைக்கச் சொல்லுங்கள். வாக்ஸ், செராமிக் கோட்டிங் போட்டால் கறையே வராது என்பார்கள். சுத்தம் செய்வது சுலபமாகும், அது உண்மை. ஆனால் தண்ணீர் பரவாமல் முத்து முத்தாக நிற்பதால், துடைக்காமல் விட்டால் ஒவ்வொரு முத்தும் ஒரு வட்டத்தை வைத்துவிட்டுத்தான் போகும்.

கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் வேண்டும் என்றால் ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். காற்றிலிருந்து குளிர்ந்து இறங்குவதால் அதில் சுண்ணாம்பு இல்லை, கொஞ்சம் தூசி இருக்கும், துணியில் வடிகட்டிக்கொள்ளலாம். என் மீட்டரில் 30 காட்டியது. ஒரு ராத்திரி ஓடினால் பானட், கூரை, கண்ணாடி வரை வருகிற அளவுக்குக் கிடைக்கிறது. என்ன, எங்கள் வீட்டில் அந்த பக்கெட்டுக்கு இப்போது போட்டி, அயர்ன் பாக்ஸுக்கு வேண்டும் என்று மனைவி ஒரு பாட்டில் எடுத்துக்கொள்கிறார்.